விமானத்துக்குள் புகை வந்தால் மாஸ்க் விழுமா?

கிளிநொச்சிப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஏ9 வீதியில் இரவு பஸ் ஏறி கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் முன்னரே ஊரில் பாதிப் பேர் வந்து சொல்லிவிடுவார்கள், விமானத்தை வயலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் உட்பட. அதில் அடிக்கடி காதில் விழுவது இது: "உள்ளுக்குப் புகை கிகை வந்தாப் பயப்படாத. மேலேயிருந்து மாஸ்க் விழும். மூக்கில வைச்சு இழுத்தாச் சரி."

அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் புகைக்கு அந்த மாஸ்க் விழாது. பணியாளர்களும் அதைத் தாமாக விழுத்த மாட்டார்கள். தப்பித் தவறி விழுந்து, அதை மூக்கில் வைத்தாலும் புகை உள்ளே வரத்தான் செய்யும். இந்த ஒன்று விளங்க வேண்டுமென்றால் விமானத்துக்குள் காற்று எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை.

முதலில், புகை மாதிரித் தெரிந்தும் புகை அல்லாதது

பகல் ஒரு மணி வெயிலில் கட்டுநாயக்காவில் ஏறி உட்கார்ந்ததும், தலைக்கு மேலே பைகள் வைக்கிற தட்டின் ஓரத்தில் உள்ள நீள இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ இறங்கும். பக்கச் சுவரோடு வழிந்து, ஜன்னலைத் தாண்டி, முழங்கால் மட்டத்துக்கு வரும்போது காணாமல் போய்விடும். மணம் இராது, கண் எரியாது. முதல் தடவை பறக்கிற அம்மாமார் "அம்மாளாச்சி!" என்று பக்கத்து ஆளின் கையை இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அது வெறும் நீர்த்துளி. வெளியே கடலோரத்து ஈரக்காற்று. உள்ளே குளிரூட்டி விடுகிற காற்று அதைவிட எவ்வளவோ குளிர். ஈரக்காற்று சட்டென்று குளிரும்போது அதிலுள்ள நீராவி சிறு துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது. கதவு மூடி உள்ளிருக்கும் காற்று உலர்ந்ததும் தானாக நின்றுவிடும். வைபரில் சுற்றுகிற "விமானத்துக்குள் புகை" காணொளிகளில் எத்தனையோ இந்த வகைதான்.

உண்மையான புகை வேறு மாதிரி. அது இறங்கி மறையாது, தங்கும், தடிக்கும். நீலம் கலந்த சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும். மணம் முதலில் வரும், பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தொண்டை கரகரக்கும். மணம் மட்டும் வந்து புகையே தெரியாமல் இருப்பதும் உண்டு. சாப்பாடு சூடாக்குகிற அடுப்பில் பழைய எண்ணெய் ஒட்டிக் கருகினால்கூட முழு விமானமும் மணக்கும். அதற்காக அதை அலட்சியம் செய்யக் கூடாது. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது பணியாளரின் வேலை, அவருக்குத் தெரியப்படுத்துவது எங்கள் வேலை.

குசினியில் புகை போகும் வழியும் விமானத்தில் காற்று போகும் வழியும்

எங்கள் பக்கத்துப் பழைய வளவுகளில் குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும். பச்சை விறகு வைத்தால் புகை எழும்பும்; எழும்பி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே விட்ட இடைவெளியால் வெளியே போகும். கீழே கதவாலும் தட்டிக்குள்ளாலும் புதுக்காற்று உள்ளே வரும். அடுப்படியில் குந்தியிருந்து ஊதுகிறவருக்குக் கண் எரிந்தாலும் மூச்சு எடுக்க முடியும். எழும்பி நின்றால்தான் இருமல் பிடிக்கும். மழை நாளில் கதவைச் சாத்திவிட்டு அந்த இடைவெளியையும் சாக்கால் அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக, ஓர் அறையில் புகை எவ்வளவு மோசமாகும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: காற்று எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, நெருப்பு எந்த இடத்தில் இருக்கிறது.

விமானத்திலும் இதே கணக்குத்தான். காற்றின் திசை மட்டும் தலைகீழ்.

விமானம் 35,000 அடி உயரத்தில், அதாவது ஏறக்குறைய பத்தரை கிலோமீற்றருக்கு மேலே பறக்கும்போது வெளியே காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் கால்பங்கு அளவுதான். அந்தக் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் நினைவோடு இருக்க முடியாது. அதனால் பெரும்பாலான விமானங்களில் எஞ்சினே வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுக்கிய காற்றில் ஒரு பங்கைப் பிரித்து எடுத்து, நன்றாகக் குளிரவைத்து, பயணிகள் இருக்கும் அறைக்குள் விடுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கிற காற்றிலும் ஒரு பகுதியை மிக நுண்ணிய வடிகட்டிக்குள்ளால் செலுத்தி அதோடு கலக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. போயிங் 787 மட்டும் இதில் வேறு ரகம். அது எஞ்சினிலிருந்து எடுக்காமல் மின்சாரத்தால் ஓடும் தனி அமுக்கியைப் பயன்படுத்துகிறது.

இப்படி அமுக்கி வைத்திருக்கும் உட்காற்றின் அழுத்தத்தை அறை அழுத்தம் என்போம். அது தரையில் உள்ளதைப் போல முழுமையாக இருக்காது. பறக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர், காற்றைப் பொறுத்தவரை, நுவரெலியாவிலோ அதற்கு மேலே பிதுருதலாகலை மலையில் ஏறுகிற வழியிலோ இருப்பவர் மாதிரித்தான்: ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி வரை.

காற்று கூரைப் பக்கத்தால் உள்ளே வந்து, நிலத்தோடு சேர்ந்த இடுக்குகளால் கீழே இறங்கி, பெரும்பாலும் வால் பக்கத்தில் அடியில் இருக்கும் ஒரு திறப்பால் வெளியே போகிறது. அந்தத் திறப்பின் பெயர் வெளியேற்று வால்வு. அறை அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் இதே வால்வுதான். முழு விமானத்தின் காற்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். எங்கள் வீட்டு மண்டபங்கள் ஒன்றிலும் இவ்வளவு வேகமாகக் காற்று மாறுவதில்லை.

"அப்படியென்றால் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. பயணிகளின் ஜன்னல் திறக்கவே திறக்காது. கதவையும் உயரத்தில் திறக்க முடியாது. உள் அழுத்தம் அதைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும், எந்தப் பலசாலியாலும் அசைக்க முடியாத அளவுக்கு.

இதுவரை சொன்னது: விமானம் அடைத்த பெட்டி அல்ல, காற்று மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் சின்னப் புகை, உதாரணமாக அடுப்பில் கருகிய ரொட்டியின் புகை, தானாகவே கொஞ்ச நேரத்தில் போய்விடும். நெருப்பு தொடர்ந்து எரிந்து, போவதைவிட வேகமாகப் புகையை உண்டாக்கினால்தான் ஆபத்து.

புகை எங்கேயிருந்து வருகிறது?

எஞ்சினிலிருந்து காற்று எடுக்கிறார்கள் என்றேன். எஞ்சினின் எண்ணெய் அடைப்பு எங்காவது கசிந்தால் அந்த எண்ணெய் சூட்டில் கருகி, காற்றோடு சேர்ந்து எல்லாத் துளைகளாலும் ஒரே நேரத்தில் வரும். கழுவாத காலுறை மணம் என்று அதைச் சொல்வார்கள். எங்கும் தீ இல்லை, ஆனாலும் மூச்சுக்கு நல்லதல்ல.

மின்கம்பி இன்னொன்று. விமானத்தின் சுவர்களுக்குப் பின்னால் கம்பிகள் கிலோமீற்றர் கணக்கில் ஓடுகின்றன. அங்கே பற்றினால் கண்ணுக்குத் தெரியாது, கையும் போகாது. இதுதான் விமானிகள் மிகவும் அஞ்சும் வகை. பிறகு வருகிறேன்.

மலசலகூடத்துக் குப்பைத் தொட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1973 ஜூலை 11 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் போன வாரிக் நிறுவனத்தின் போயிங் 707, பின்பக்க மலசலகூடத்தில் பற்றிய தீயால் ஓடுபாதைக்குச் சில கிலோமீற்றர் முன்னதாகவே ஒரு வயலில் இறக்கப்பட்டது. 123 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரின் உயிரை எடுத்தது புகை. தொட்டிக்குள் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இன்றைக்கு எந்த விமானத்திலும் புகைக்க முடியாது. ஆனாலும் மலசலகூடக் கதவைப் பாருங்கள்: "புகைத்தல் தடை" என்ற படத்துக்குக் கிட்டவே ஒரு குட்டிச் சாம்பல் கிண்ணம் இருக்கும். முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சட்டத்தை மீறி யாராவது பற்றவைத்தால், பதற்றத்தில் அந்தத் துண்டைக் காகிதம் நிறைந்த தொட்டிக்குள் போடாமல் இதில் நசுக்கட்டும் என்றுதான் அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. தடையை நம்பு, ஆனால் மனிதனை நம்பாதே என்கிற ஏற்பாடு.

இப்போதைய தலையிடி பற்றரி. பவர் பேங்க், கைத்தொலைபேசி, மடிகணினி எல்லாவற்றிலும் இருப்பது லிதியம் பற்றரி. அதற்குள் இரு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஒரு தாள். அது கிழிந்தாலோ நசுங்கினாலோ உள்ளேயே மின் குறுக்கிட்டுச் சூடேறும். அந்தச் சூடு உள்ளிருக்கும் இரசாயனங்களைத் தூண்டி இன்னும் சூடாக்கும். பக்கத்துக் கலத்துக்கும் பரவும். தன் சூட்டாலேயே தன்னைச் சூடாக்கிக்கொண்டு போகிற இந்த ஓட்டத்தை வெப்பச் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிவிட்டால் தொட்டியிலுள்ள காகிதம் மாதிரி ஊதி அணைக்க முடியாது. புகையும் சாதாரணப் புகை அல்ல, எரியக்கூடிய நச்சு வாயுக்களைக் கக்கும்.

2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த எயார் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து மேற்கூரை முழுக்க எரிந்துபோனது. 176 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு விசாரணை வந்தது. அதன் பிறகு கொரியாவில் பவர் பேங்கை மேல் தட்டில் வைக்கத் தடை வந்தது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பாவிப்பதையே நிறுத்திவிட்டது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் அதற்கு முன்பே அப்படிச் செய்திருந்தது.

ஏன் சூட்கேசில் போடக் கூடாது என்கிறார்கள்

கட்டுநாயக்காவில் சூட்கேசைத் திறக்கவைத்து பவர் பேங்கை எடுக்கச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். "ஆபத்து என்றால் கையில் கொண்டுபோக மட்டும் ஏன் விடுகிறாய்?" நியாயமான கேள்விதான்.

பதில்: அது எரியாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, எரிந்தால் ஒரு மனிதன் எட்டக்கூடிய இடத்தில் எரியட்டும். அடியிலுள்ள பொதிகள் அறையில் புகை உணர்கருவியும், தீயை அடக்கும் வாயுவும் இருக்கின்றன. அந்த வாயு சாதாரணத் தீயை நன்றாக அடக்கும். ஆனால் பற்றரியின் சூட்டை அது தணிக்காது. சங்கிலி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே மடியில் எரிந்தால், பணியாளர் முதலில் தீயணைப்பானால் சுவாலையை அணைப்பார், பிறகு தண்ணீரையோ சோடாவையோ கிடைத்ததை ஊற்றி ஊற்றிக் குளிரவைப்பார். தண்ணீர்தான் இங்கே மருந்து. ஐஸ் கட்டி போடக் கூடாது; அது மேலே மூடிப் போர்வையாகி உள்ளே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு பெரியது கொண்டுபோகலாம் என்பதற்கு 100 வாட்-மணி என்ற எல்லை இருக்கிறது. 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு. அதற்கு மேல் இல்லை. பவர் பேங்கில் மில்லி-அம்பியர்-மணி என்றுதான் எழுதியிருக்கும். அந்த எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் பிரித்தால் வாட்-மணி வந்துவிடும். 20,000 என்று எழுதியிருந்தால் 74. பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111. அனுமதி கேட்க வேண்டும். சந்தையில் மலிவாக வாங்கின, எண்ணே அழிந்துபோனது என்றால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வாக்குவாதம் பண்ணிப் பிரயோசனமில்லை.

இன்னொன்று. போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை முன்னே பின்னே அசைத்துத் தேட வேண்டாம். இருக்கையின் இரும்புக் கைகள் போனை நசுக்கி அங்கேயே பற்றவைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பணியாளரைக் கூப்பிடுங்கள்.

அந்த மஞ்சள் மாஸ்க் எதற்கு?

சரி, தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். தலைக்கு மேலே மடித்து வைத்திருக்கும் மஞ்சள் மாஸ்க் ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்கு: அறை அழுத்தம் இறங்கிவிட்டால். உள் அழுத்தம் ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குக் குறைந்தால் அது தானாக விழும். புகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புகை இருக்கும்போது அறை அழுத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மாஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அது முகத்தோடு இறுகி ஒட்டுவதில்லை. கிண்ணத்தின் முகப்பில் சின்னச் சின்ன வட்ட வால்வுகள் இருக்கும். குழாயால் வருகிற ஒட்சிசன் மட்டும் போதாது என்பதால், மூச்சை இழுக்கும்போது அறையிலுள்ள காற்றும் அந்த வால்வால் உள்ளே வந்து கலக்கிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். அழுத்தம் குறைந்த நேரத்தில் அது நல்ல ஏற்பாடு. அறை முழுக்கப் புகை என்றால் அந்த வால்வால் புகைதான் வரும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஒட்சிசன் தீயை வளர்க்கும். எங்கோ நெருப்பு இருக்கும்போது முந்நூறு மாஸ்கிலிருந்து ஒட்சிசனைத் திறந்துவிட எந்த விமானியும் விரும்ப மாட்டார். அதோடு, பல விமானங்களில் இந்த ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து வருவதில்லை. இருக்கைக்கு மேலே உள்ள சிறு குடுவையில், இரசாயனத் தாக்கத்தால் அந்த இடத்திலேயே உண்டாகிறது. மாஸ்கை இழுத்ததும் தொடங்கி பன்னிரண்டிலிருந்து இருபது நிமிடம் வரை ஓடும். குடுவை கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அதன் மேலுள்ள தூசி பொசுங்குவதால் எரிந்த மணம் வரும். அழுத்தம் குறைந்து மாஸ்க் விழுந்த நேரத்தில் அந்த மணத்தை முகர்ந்து "ஐயோ தீ" என்று மாஸ்கைக் கழற்றி வீசக் கூடாது. அப்போது அது சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

சுருக்கமாக: மாஸ்க் விழுந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எந்த மணம் வந்தாலும் கழற்றாதீர்கள். புகை வந்து மாஸ்க் விழாவிட்டால், ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

விமானியின் கையில் இருப்பது நிமிடங்கள்

விமானிகளின் மாஸ்க் முற்றிலும் வேறு. முகத்தோடு இறுகும், வெளிக்காற்றைக் கலக்காமல் நூறு வீத ஒட்சிசனை அழுத்தத்தோடு தரும், கண்ணையும் மூடும். ஒரு கையால் ஐந்து செக்கனுக்குள் மாட்டக்கூடிய மாதிரிச் செய்திருக்கிறார்கள். புகை என்ற சந்தேகம் வந்ததும் முதலில் அதை மாட்டுவார்கள். காரணம் தேடுவது பிறகு. பார்வையும் மூச்சும் விமானிக்கு இருந்தால்தான் மற்ற எல்லோருக்கும் வழி.

அப்புறம், உட்காற்றை வடிகட்டித் திருப்பி விடுகிற விசிறிகளை நிறுத்துவார்கள். வடிகட்டி தூசியையும் கரியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. ஒரு மூலையில் இருக்கும் புகையை முழு விமானத்துக்கும் பங்குபோட்டுக் கொடுக்காமல் இருக்கவே இது. சமையல் பகுதிக்கும் வேறு பகுதிகளுக்கும் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். திடீரென்று உள்ளே விளக்குகள் அணைவது அதனாலும் இருக்கலாம். "மேடே" என்ற ஆபத்து அழைப்பை வானொலியில் அறிவித்து, கிட்டவுள்ள விமான நிலையத்தை நோக்கி இறங்கத் தொடங்குவார்கள்.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. 1998 செப்டெம்பர் 2 இரவு நியூயோர்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போன சுவிஸ்எயார் 111. விமானி அறையில் ஏதோ மணம் வந்தது. முதலில் குளிரூட்டியின் மணம் என்று நினைத்தார்கள். கூரைக்கு மேலே, மின்கம்பிகள் இருந்த இடத்தில், வெப்பக்காப்பு உறையில் தீ பரவிக்கொண்டிருந்தது. மணம் பிடித்ததிலிருந்து கடலில் விழும் வரை 21 நிமிடம்தான். 229 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. முதல் நிமிடமே நேராக ஹலிபாக்ஸ் விமான நிலையத்துக்குத் திரும்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று கனடிய விசாரணையாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். அந்த வெப்பக்காப்புப் பொருள் பிறகு விமானங்களிலிருந்து அகற்றப்பட்டது. விமானிகளின் புகைக்கான கைநூல்களும் மாறின: காரணம் தெரியாவிட்டாலும் இறங்குவதற்கான ஏற்பாட்டை உடனே தொடங்கு என்பது முன்னுக்கு வந்தது.

உயரத்திலிருந்து அவசரமாக இறங்கினாலும் தரையைத் தொட, கீழே விமான நிலையம் தயாராக இருந்தால்கூட, கால் மணி நேரம் அளவில் பிடிக்கும். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற சின்ன விமானத்துக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. டோகாவுக்கோ ரியாத்துக்கோ போகிறவர்களுக்கு நடுவில் அரபிக் கடல் இருக்கிறது. அதனால்தான் நீண்ட கடல்வழியில், மாற்று விமான நிலையம் ஒன்றுக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரத்துக்கு மேலும் கால் மணி நேரம் பொதி அறைத் தீயை அடக்கி வைக்கிற அளவுக்கு வாயு இருக்க வேண்டும் என்ற கணக்குப் பார்த்தே வழி போடுகிறார்கள். மும்பையிலோ மஸ்கற்றிலோ எதிர்பாராமல் இறக்கிவிட்டால் சபிக்காதீர்கள்.

தரையைத் தொட்ட பிறகுதான் பலர் இறந்திருக்கிறார்கள்

கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. 1980 ஓகஸ்ட் 19 அன்று ரியாத்திலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட சவுதியா 163 இல் பின்பக்கப் பொதி அறையில் தீ. விமானம் திரும்பி வந்து நல்லபடியாகவே இறங்கியது. இறங்கிய பின் உடனே நிற்காமல் ஓடி, ஓடுபாதையிலிருந்து பக்கப் பாதைக்குத் திரும்பிய பிறகே நின்றது. எஞ்சின்கள் சில நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தன. கதவு உள்ளேயிருந்து திறக்கப்படவில்லை. வெளியே இருந்தவர்கள் திறந்தபோது 301 பேரும் புகையில் இறந்திருந்தார்கள்.

1983 ஜூன் 2 அன்று எயார் கனடா 797. மலசலகூடப் பக்கம் தொடங்கிய தீ. சின்சினாட்டியில் இறங்கி, கதவுகளும் திறந்தாயிற்று. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே ஒரே வீச்சில் எல்லாம் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் தப்பினார்கள், 23 பேர் இறந்தார்கள். குசினி உதாரணம் இங்கே திரும்பவும் உதவும்: நெடுநேரம் புகைந்துகொண்டிருக்கும் மூடிய அறையில் சூடான, எரியாத வாயு கூரையடியில் தேங்கி நிற்கும். கதவைத் திறந்ததும் புதுக்காற்று வந்து அதைப் பற்றவைக்கும். கதவு திறக்காவிட்டாலும் சாவு, திறந்தால் நேரம் மிகக் குறைவு. இன்றைக்கு மலசலகூடத்தில் இருக்கும் புகை உணர்கருவி, குப்பைத் தொட்டியில் இருக்கும் தானியங்கித் தீயணைப்பான், நிலத்தில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள், தீ எளிதில் பற்றாத இருக்கை உறை எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த 23 பேர் இருக்கிறார்கள்.

பாதிக் கதவுகளை மட்டும் பாவித்து 90 செக்கனுக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். சோதனையில் யாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. நிஜத்தில் ஓடுகிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் கரையோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்துக்குள் புகை நிறைந்துகொண்டிருந்தது. 379 பேரும் வெளியே வந்தார்கள். பைகளை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை உலகமே பேசியது.

இந்தப் பகுதியின் சாரம்: விமானம் தரையில் நின்றது ஆபத்து முடிந்ததற்கு அடையாளம் அல்ல. வெளியேறு என்ற கட்டளை வந்தால் அடுத்த ஒன்றரை நிமிடம்தான் எல்லாம்.

இருக்கையில் இருப்பவர் செய்யக்கூடியவை

புறப்படும் முன்னரே உங்கள் இருக்கைக்கும் கிட்டவுள்ள இரு கதவுகளுக்கும் நடுவே எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. புகைக்குள் கண் தெரியாது. கையால் இருக்கை முதுகுகளைத் தடவி எண்ணிக்கொண்டு போகலாம்.

மணமோ புகையோ சூடோ தெரிந்தால் உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாது, பிழையாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். "ஸ்மோக்" என்றால் போதும். அதுவும் வராவிட்டால் மூக்கைத் தொட்டு, இடத்தைக் கையால் காட்டினால் எந்த நாட்டுப் பணியாளருக்கும் விளங்கும். மறைவான தீயை முதலில் முகர்வது பயணியாகவும் இருக்கலாம். பணியாளர்களிடம் ஏறக்குறைய கால் மணி நேரம் மூச்சுவிட உதவும் தலையுறையும், தீயணைப்பானும், பலகையைப் பிளக்கக் கருவியும் இருக்கின்றன. அவர்களுக்கு வழிவிட்டு, சொல்கிற இடத்துக்கு மாறி உட்கார வேண்டும். எல்லோரும் எழும்பி முன்னுக்கு ஓடினால் தீயணைப்பவரே போய்ச்சேர முடியாது.

துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். சேலைத் தலைப்போ சால்வையோ, பருத்தி என்றால் நல்லது. ஈரத்துணி கரியையும், தொண்டையை அரிக்கும் சில வாயுக்களையும் தடுக்கும். ஆனால் காபனோரொட்சைட்டைத் தடுக்காது. அது எரியும் பொருள்களிலிருந்து வருகிற, நிறமும் மணமும் இல்லாத வாயு. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துணி இருக்கிறது என்ற தைரியத்தில் தாமதிக்கக் கூடாது.

தலையைத் தாழ்த்துங்கள். சூடான புகை மேலே நிற்கும், கீழே கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். ஷெல் சத்தம் கேட்டால் குப்புற விழுந்து பழகிய தலைமுறை எங்களுடையது. இங்கே படுக்கக் கூடாது. இடைவழியில் படுத்தால் பின்னால் வருபவர் மிதித்துவிடுவார். இடுப்பை மடித்துக் குனிந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

பை விஷயத்தில் எங்கள் ஆட்களிடம் வெறுமனே "விட்டுவிடு" என்று சொன்னால் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அடகு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிய காசு, பாஸ்போட், ஒப்பந்தக் கடதாசி, தங்கைக்கு வாங்கின சங்கிலி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். வன்னியில் ஒரு கடதாசி தொலைந்தால் அதைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்பதும் தெரிந்ததே. அதனால் முன்கூட்டியே செய்யுங்கள்: விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாஸ்போட்டும் முக்கியமான கடதாசியும் உடம்போடு இருக்கட்டும், பொத்தானோ சிப்போ உள்ள பொக்கெற்றில். சப்பாத்தையும் அந்த நேரத்தில் கழற்ற வேண்டாம். மற்றதை விட்டுவிட்டு வர அப்போது மனம் வரும்.

கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். வெளியே தீ இருக்கிறதா என்று ஜன்னலால் பார்த்த பிறகுதான் பணியாளர் திறப்பார். ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் அனுப்புவார். கதவில் விரியும் சறுக்கியில், யோசித்துக்கொண்டு நிற்காமல் பாய்ந்து, இறங்கியதும் விமானத்தை விட்டுத் தூரமாகப் போங்கள்.

வெளியே வந்தபின் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, குழப்பம் இருந்தால் "கொஞ்சம் புகை குடிச்சிட்டன், சரியாகிடும்" என்று இருந்துவிடாதீர்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சாதாரணக் கருவிக்கு, இரத்தத்தில் ஏறியிருப்பது ஒட்சிசனா காபனோரொட்சைட்டா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் நல்ல எண்ணையே காட்டும். மருத்துவரிடம் புகைக்குள் இருந்ததையும், ஏறக்குறைய எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்து, உரிய ஒட்சிசனைத் தருவார்.